எண்ணப்பட்டோரும் எழுதப்பட்டோரும்: திருச்சிராப்பள்ளியில் முன்னோர் தேடல்

திருச்சிராப்பள்ளி நகரின் தென்பகுதியில், விமான நிலையத்துக்கு அண்மையில் அமைந்துள்ள கே.கே. நகர், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்ற குடியிருப்பு. ஆதலால் அங்கே வீடு கட்டிக் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கும் பூர்வீகம் என்று சொல்லிக்கொள்ள வேறோர் ஊர் இருக்கிறது. அது லால்குடிப் பக்கத்து நன்செய்க் கிராமமாக இருக்கலாம். துறையூர், முசிறி வட்டங்களின் மானாவாரிப் பூமியாக இருக்கலாம். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியாகவோ சித்திரை வீதியாகவோ இருக்கலாம். சில வீடுகளில் அது இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டமாகவும் இருப்பதுண்டு. இங்கிலாந்தில் ஒருவர் தம் கொள்ளுத் தாத்தாவின் பெயரைக் கணினியில் இட்டால் 1881ஆம் ஆண்டில் அவர் எந்தத் தெருவில், யார் யாருடன், என்ன தொழில் செய்து வாழ்ந்தார் என்பது திரையில் வந்துவிடுகிறது என்று கேள்விப்படும் இக்குடும்பங்களின் இளையவர்கள், அதே ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலும் கணக்கெடுப்பு நடந்திருக்கிறதே, அந்த ஏடுகள் எங்கே என்று கேட்பது நியாயமானதே. அவ்வேடுகள் இன்று இல்லை. அவை இல்லாமற்போனது விபத்தாலும் அன்று. பெயர்களைக் காத்து வைப்பது இந்நாட்டுக் கணக்கெடுப்பின் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதிலிருந்தே இந்த வரலாற்றைத் தொடங்கவேண்டும்.

சென்னை மாகாணத்தில் குடிகளை எண்ணும் வழக்கம் அனைத்திந்தியக் கணக்கெடுப்புக்கு முந்தியது. தாமஸ் பர்னார்டு என்னும் கும்பெனிப் பொறியாளர் 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுப் பகுதியில் நடத்திய அளவாய்வில் ஊர்தோறும் வீடுகள் தொழில்வாரியாக எண்ணப்பட்டன. அதற்கு அடிப்படையான ஊர்க்கணக்கு ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இன்றும் உள்ளது. 1851-52 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவாய்த் துறையினரே மக்கள்தொகை விவரத்தைத் திரட்டி வந்தனர். அதன்பின் 1871 நவம்பரில், மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்பவரின் பொறுப்பில், வீட்டுக்கு எண் இட்டு ஆள்வாரியாக விவரம் எழுதும் முறையான கணக்கெடுப்பு நடந்தது. கானேஷுமாரி என்று மக்கள் அழைத்த இந்தக் கணக்கில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு 12,00,408 பேரும் நகரத்துக்கு 76,530 பேரும் தேறினர். நாடு முழுவதும் ஒரே இரவைக் குறியாகக் கொண்டு எண்ணிய முதற் கணக்கெடுப்பு 1881 பிப்ரவரி 17ஆம் நாளுக்குரியது. அதில் மாவட்டத்தின் தொகை 12,15,033. பத்தாண்டில் பதினையாயிரம் பேர்கூடக் கூடவில்லை என்பதற்குள் தாது வருஷப் பஞ்சம் அடங்கியிருக்கிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இறந்தவர்களும், இறவாமல் இலங்கைக்கும் பிற நாடுகளுக்கும் கிளம்பிப் போனவர்களும் எத்தனை பேர் என்று அந்த இரண்டு எண்களைக் கொண்டு ஊகிக்கலாமே தவிர, அவர்களில் ஒருவருடைய பெயரையும் அவற்றிலிருந்து அறிய முடியாது.

பெயர் எழுதப்படவே இல்லை என்பதில்லை. வீடுவீடாகச் சென்றவர்கள், அவர்களில் பெரும்பாலோர் ஊர்க் கணக்குப்பிள்ளைகளும் பள்ளி ஆசிரியர்களும் கீழ்நிலை அலுவலர்களுமே, பெயர், வயது, மதம், சாதி, தொழில், பிறந்த இடம் ஆகியவற்றை ஆள்வாரியாக அட்டவணையில் எழுதத்தான் செய்தார்கள். பெண்ணின் பெயரைச் சொல்ல வீட்டார் தயங்கினால் வற்புறுத்தாமல் ‘ஸ்திரீ’ என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம் என்னும் விதியும் இருந்தது. ஆகவே அட்டவணைகள் இன்றுவரை பிழைத்திருந்தாலும் பாட்டிமார்களில் பலர் பெயரின்றியே அவற்றில் நின்றிருப்பார்கள். 1901இல், ஜெர்மனியின் பவேரியாவில் கையாளப்பட்டு வந்த துண்டுச்சீட்டு முறை இந்தியாவுக்கு வந்தது. ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு சிறு சீட்டு. சீட்டின் நிறம் மதத்தையும், அதில் அச்சிட்ட குறி ஆணா பெண்ணா, மணமானவரா, கைம்மையா என்பதையும் காட்டும். அட்டவணையிலிருந்து மற்ற விவரங்களைச் சுருக்கக் குறியீடுகளாக இந்தச் சீட்டுக்குப் பெயர்த்தெழுதி, மாடங்கள் வைத்த அலமாரியில் வகை பிரித்துப் போட்டு, கட்டுக் கட்டாக எண்ணி முடித்தார்கள். வகைப்படுத்துவதற்குப் பெயர் வேண்டியதில்லை. ஆதலால் ஒருவரின் பெயர் அட்டவணையோடு நின்றுவிட, அவருடைய வயதும் தொழிலும் மட்டும் சீட்டில் ஏறி மேலே சென்றன. அறிக்கை அச்சானபின் அட்டவணைகளுக்கும் சீட்டுகளுக்கும் வேலையில்லாமற் போயிற்று. அவை அழிக்கப்பட்டன அல்லது கழிவுத்தாளாக விற்கப்பட்டன. நகரத்தில் 1,04,721 பேர், ஸ்ரீரங்கத்தில் 23,039 பேர் என்று 1901ஆம் ஆண்டின் தொகுதியில் நிற்கும் வரிகளுக்குப் பின்னால் இருந்த ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் போன வழி அதுதான்.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் இந்தக் கதவை முறைப்படி அடைத்தது. கணக்கெடுப்பு அலுவலர் எழுதிய எந்தப் பதிவேட்டையும் பார்வையிட எவருக்கும் உரிமை இல்லை என்றும், அதிலுள்ள பதிவை உரிமையியல் வழக்குகளில் சான்றாகக் காட்ட இயலாது என்றும் அதன் 15ஆம் பிரிவு கூறுகிறது. மக்கள் அச்சமின்றி உண்மை விவரம் தருவதற்கு இத்தகைய காப்பு அவசியம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிரிட்டன் நூறாண்டு வரம்பு வைத்து, 1921ஆம் ஆண்டின் வீட்டு அட்டவணைகளை 2022 ஜனவரியில் இணையத்தில் வெளியிட்டது. அமெரிக்கா 72 ஆண்டு வரம்பு வைத்து, 1950ஆம் ஆண்டின் ஏடுகளை 2022 ஏப்ரலில் திறந்தது. இந்தியச் சட்டத்தில் வரம்பு என்பதே இல்லை. நூறாண்டுக்கு முன் இறந்தவரின் அந்தரங்கத்தையும் உயிருள்ளவரின் அந்தரங்கத்தையும் ஒரே தட்டில் வைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு வலுவான காரணம் எதுவும் தென்படவில்லை. ஏடுகளை இழந்ததில் இந்தியா தனித்து நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்: இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1931ஆம் ஆண்டு ஏடுகள் 1942 டிசம்பரில் தீக்கிரையாயின, அயர்லாந்தின் 1881, 1891ஆம் ஆண்டு ஏடுகளை முதல் உலகப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் அரசே கூழாக்கிற்று. அயர்லாந்துக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் இப்படி ஓர் இழப்பு நேர்ந்தது என்பதே பலருக்குத் தெரியாது.

இதே திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த ஒரு சிறு கூட்டத்தாருக்கு மட்டும் நிலைமை வேறு. கும்பெனிப் படையிலும் பின்னர் ரயில்வேயிலும் பணிபுரிந்த ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய தேவாலயப் பதிவுகளின் நகல்கள் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி இணையத்திலும் ஏறிவிட்டது. மறைப்பணியாளர் சுவார்ட்ஸ் எழுப்பிய கோட்டைக் கிறிஸ்து ஆலயத்திலோ, 1826இல் இந்நகரில் இறந்த பேராயர் ஹீபர் அடக்கமாகியுள்ள தூய யோவான் ஆலயத்திலோ மணமுடித்த ஒரு படைவீரரின் வழித்தோன்றல் ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்தபடியே அந்தப் பதிவைப் பார்க்கிறார். அதே ஆண்டில் அதே தெருவில் அவருக்குத் துணி வெளுத்தவரின் பேரர்களுக்கு அப்படியொரு தாள் எங்கும் இல்லை. பதிவு இருப்பதும் இல்லாததும் குடும்பத்தின் அக்கறையைப் பொறுத்ததன்று. அந்தப் பெயர் யாருக்குத் தேவைப்பட்டது என்பதையே பொறுத்தது.

உள்ளூர்க்காரரின் பெயர் முதலில் தேவைப்பட்டது நிலவரிக்கு. 1858இல் தொடங்கிய இனாம் ஆணையம், வரி நீக்கியோ குறைத்தோ மன்னர்களும் பாளையக்காரர்களும் விட்டிருந்த மானிய நிலங்களின் உரிமையை ஊர் ஊராகச் சோதித்தது. அந்த விசாரணையில் எழுந்த இனாம் பதிவேட்டின் பத்திகளைப் படித்தால், மானியத்தை விட்டவர் யார், முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கு வயது என்ன, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பவை வரிசையாக நிற்கக் காணலாம். காவிரிக்கரை அக்கிரகாரத்துக் குடும்பங்களுக்கும், கோயில் ஊழியத்துக்காக நிலம் பெற்றிருந்த இசைக்காரர், பூசாரி, குயவர், நாவிதர் குடும்பங்களுக்கும் மூன்று நான்கு தலைமுறையை ஒரே வரியில் தரக்கூடிய ஆவணம் இதைப் போல் வேறில்லை. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இவை பாதுகாக்கப்படுகின்றன. நிலத்தில் உழைத்து, நிலம் தமக்கென இல்லாத பள்ளர், பறையர் குடும்பங்களின் பெயர்கள் இந்த ஏடுகளில் அரிதாகவே தட்டுப்படும்.

பத்திரப் பதிவுத் துறை 1860களின் நடுவில் உருவானபின் கிரயம், அடமானம், பாகப்பிரிவினை ஆகிய பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகங்களில் படியெடுத்து வைக்கப்பட்டன. ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் தன்னளவிலேயே ஒரு வம்சாவளி: தகப்பனார் பெயர், சகோதரர்கள், மூத்த தாரத்து மக்கள், இளைய தாரத்து மக்கள், ஜீவனாம்சம் பெறும் விதவைத் தாயார் என்று அனைவரும் அதில் கையொப்பமோ கைநாட்டோ இட்டிருப்பார்கள். செக்குபந்தி எனப்படும் நான்கெல்லைக் குறிப்பு பங்காளிகளையும் காட்டிக்கொடுக்கும். கிழக்கே இன்னார் மனை, வடக்கே இன்னார் நஞ்சை என்று எழுதியிருப்பவர்கள் பெரும்பாலும் அதே குடும்பத்திலிருந்து முன் தலைமுறையில் பிரிந்தவர்கள். பதிவுத் துறையின் தளத்தில் 1975 முதலான வில்லங்க விவரங்களைப் பார்க்க முடிவதால், தேடுபவர் முதலில் கையில் இருக்கும் பத்திரத்தின் எண்ணைக் கொண்டு பின்னோக்கி மூலப்பத்திரம்வரை செல்கிறார். அடங்கலும் சிட்டாவும் எழுதி வந்த பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் வந்தபோது, பழைய கணக்குகளில் அரசிடம் ஒப்படைக்கப்பட்டவை போக மற்றவை அந்தந்த வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. சாதி ஆதிக்கத்தின் கருவியாக இருந்த அப்பதவி ஒழிந்ததில் வருத்தப்பட ஒன்றுமில்லை, ஏடுகள் சிதறியதற்குத்தான் வருந்தவேண்டும்.

பிறப்பு இறப்புப் பதிவும் தேடுபவருக்கு உதவும், ஓரளவுக்கு. சென்னை மாகாணத்துக்கென 1899இல் இயற்றிய சட்டமும், நாடு முழுமைக்குமான 1969ஆம் ஆண்டின் சட்டமும் இதற்கு அடிப்படை. ஆயினும் பழைய பதிவேடுகளில் பிள்ளையின் பெயர் இராது. தகப்பனாரின் பெயரும், ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்னும் குறிப்பும், தேதியும் மட்டும் இருக்கும். பெயர் சூட்டுவதற்கு முன்பே பிறப்பைப் பதிந்து, பின்னால் பெயரைச் சேர்க்க யாரும் போகாததே இதற்குக் காரணம். அதனால் பள்ளிக்கூடச் சேர்க்கையின்போது ஆசிரியர் உத்தேசமாக எழுதிய பிறந்த தேதியும் நகராட்சிப் பதிவேட்டின் தேதியும் ஒத்துப்போகாத குடும்பங்கள் ஏராளம்.

ஸ்ரீரங்கத்தின் நிலை தனி. அரங்கநாதர் கோயிலில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. கோயிலின் நிர்வாக வரலாற்றையும் பரம்பரை ஊழியக் கொத்துகளின் உரிமைகளையும் கூறும் கோயிலொழுகு என்னும் ஏடு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து எழுதப்பட்டது. தீர்த்தம் பெறுவதில் யாருக்கு முன்னுரிமை, எந்தக் குடும்பத்துக்கு எந்தக் கைங்கரியம் என்பது வழக்குக்கு உரிய பொருளாக இருந்தவரை அங்கே வம்சாவளி அழியாமல் நின்றது. அத்தகைய உரிமை இல்லாத குடும்பங்களுக்கு அம்மா மண்டபப் படித்துறை உண்டு. அமாவாசையன்று அங்கே தர்ப்பணம் செய்பவரிடம் புரோகிதர் கோத்திரத்தைக் கேட்டு, தகப்பனார், பாட்டனார், முப்பாட்டனார் என்று மூன்று பெயர்களையும், தாய்வழியில் அதேபோல் மூன்று தலைமுறையையும் சொல்லச் சொல்கிறார். இறந்தவர் பெயர் ஒன்று முன்னால் சேரும்போது கடைசிப் பெயர் வரிசையிலிருந்து நழுவிவிடும். ஆக, சடங்கு பேணும் நினைவுக்கும் மூன்று தலைமுறைதான் எல்லை. ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் வடநாட்டு யாத்திரிகர்களின் பெயர்களை ஊர்வாரியாக எழுதிக் காத்துவந்த நீண்ட பேரேடுகள் நுண்படமாக்கப்பட்டு, அமெரிக்காவின் யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட வம்சாவளி நிறுவனத்தின் வழியாக இணையத்துக்கு வந்துவிட்டன. அம்மா மண்டபத்தில் சொல்லப்படும் பெயர்களோ எழுதப்படுவதில்லை.

தமிழ் உழைப்பாளியின் பெயர் ஊர், வட்டம், மாவட்டம், தகப்பன் பெயர் ஆகியவற்றோடு முழுமையாக எழுதப்பட்டது அவர் நாட்டை விட்டுப் போனபோதுதான் என்பது இந்த வரலாற்றின் கசப்பான பகுதி. சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிச் சென்ற ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை அடைந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்ற 1,52,184 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். கப்பல் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகியவை உண்டு. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய அங்க அடையாளம் இன்று கொள்ளுப் பேத்திக்குத் தன் கொள்ளுத் தாத்தாவின் நெற்றித் தழும்பைச் சொல்கிறது. இப்பட்டியல்கள் தரவுத்தளமாகி டர்பனிலிருந்து இணையத்துக்கு வந்துள்ளன. மொரீஷியசின் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அந்நாட்டுக்கு வந்தவர்களின் பதிவேடுகளையும் அவர்களுள் பலரின் ஒளிப்படங்களையும் காத்துவருகிறது. 1903 முதல் சென்னை வழியே ஃபிஜி சென்றவர்களின் அனுமதிச் சீட்டுகள் சுவா ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இவற்றைக் கொண்டு திருச்சிக்கு வந்து ஊர் தேடுபவர்கள் இரண்டு சிக்கல்களில் அகப்பட்டுக்கொள்வது வழக்கம். முதலாவது, குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர். இரண்டாவது, மாவட்ட எல்லை. 1871இல் திருச்சிராப்பள்ளி, முசிறி, குளித்தலை, பெரம்பலூர், உடையார்பாளையம் என்று ஐந்து வட்டங்களைக் கொண்டிருந்த மாவட்டத்தில் கரூர் 1910இல்தான் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தது. தனி சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை 1948இல் இணைந்து 1974இல் பிரிந்தது. 1995இல் கரூரும் பெரம்பலூரும் தனி மாவட்டங்களாயின. உடையார்பாளையம் இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. எனவே 1890இல் ‘திருச்சிராப்பள்ளி ஜில்லா’ என்று எழுதப்பட்டவரின் ஊரை இன்றைய திருச்சி மாவட்டத்தின் ஊர்ப்பட்டியலில் தேடிக் காணாமல் திரும்புவதில் வியப்பில்லை.

இலங்கை சென்றவர்களுக்குக் கப்பல் பட்டியல் என்னும் இந்த வசதியும் இல்லை. திருச்சிக்கும் இலங்கைக்கும் இருந்த தொடர்போ மற்ற எந்நாட்டோடும் இருந்ததைவிட நெருக்கமானது. இலங்கைத் தோட்ட முதலாளிகள் 1904இல் அமைத்த தொழிலாளர் ஆணையத்தின் தலைமையகம் திருச்சிராப்பள்ளியிலேயே இருந்தது. ரயில் பாதைகள் கூடும் இடமாதலாலும், ஆள் சேர்க்கும் மாவட்டங்களின் நடுவில் இருந்ததாலும் இந்நகரைத் தேர்ந்தார்கள். ஆனால் இலங்கை செல்வோருக்கு நேட்டாலைப் போல் ஆளுக்கு ஓர் ஒப்பந்தம் கிடையாது; கங்காணி தன் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டி, முன்பணம் கொடுத்து, கூட்டமாக அழைத்துச் செல்வார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகரச் சீட்டு முறையில், போகவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகரத் துண்டு ஒவ்வொருவர் கழுத்திலும் தொங்கியது. அதைப் பார்த்தே வழியிலிருந்த அலுவலர்கள் ஆட்களை அனுப்பிவைத்தார்கள். தோட்டம் மாறும்போது கங்காணியிடம் இருந்தது துண்டு எனப்பட்ட சீட்டு. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுத்தது அது. இத்துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, ஆளைவிட ஆள்மேல் இருந்த கடனே அங்கே ஆவணமாயிற்று.

இப்படிப் பெயரையும் ஊரையும் பதியாமலே பல தலைமுறைகள் கடந்தபின், 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அதே மக்களிடம் வம்சாவளியைக் கேட்டது. இலங்கையில் பிறந்தவரேயானாலும் அவருடைய தந்தை அங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்கவேண்டும் என்று அது விதித்தது. லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பு வரிசையின் அறையில் பிறந்த தந்தைக்கு என்ன சான்றைக் காட்டுவது? மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வதென்று ஒதுக்கியது. தாயகம் திரும்பியோர் மண்டபம் முகாமிலும், கே.கே. நகருக்கு எட்டும் தொலைவில் விமான நிலையத்தை அடுத்துள்ள கொட்டப்பட்டு முகாமிலும் வந்து இறங்கினார்கள். கண்டியிலிருந்த இந்தியத் தூதரகக் கிளை குடும்பத்துக்கு ஒன்றாக வழங்கிய குடும்ப அட்டை அவர்கள் கையில் இருந்தது. குடும்பத் தலைவர், மனைவி, மக்கள், அவர்களின் வயது ஆகியவற்றை ஒரே தாளில் காட்டிய அந்த அட்டைதான் அக்குடும்பங்களில் பலவற்றின் முதல் எழுத்துச் சான்று. பாட்டனின் ஊர் துறையூர்ப் பக்கம் என்று மட்டும் தெரிந்து வந்தவர்கள் அந்தப் பக்கத்தில் ஊரைக் கண்டுபிடித்தாலும், அங்கே பங்காளிகள் நிலத்தில் பங்கு கேட்டு வந்தவர்களாகவே அவர்களைப் பார்த்தார்கள்.

கணக்கெடுப்பிலிருந்து எடுத்த பெயர்களை இணையத்தில் தேடும் நிலை இந்தியாவில் ஏற்பட்டது ஒரே மாநிலத்தில், அதுவும் இதே குடியுரிமைக் கேள்வியால். 1951ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சீட்டுகளைப் படியெடுத்து உருவாக்கிய தேசியக் குடிமக்கள் பதிவேட்டை அசாம் மாநிலத்தில் புதுப்பித்தபோது, அப்பதிவேடும் 1971 வரையான வாக்காளர் பட்டியல்களும் மரபுத் தரவு என்னும் பெயரில் கணினியில் ஏற்றப்பட்டன; ஒவ்வொருவரும் தம் முன்னோர் ஒருவரின் பெயரை அதில் கண்டுபிடித்து, குறியீட்டு எண்ணைப் பெற்று, அவருக்குத் தாம் என்ன உறவு என்று வம்ச விருட்சம் வரைந்து காட்டவேண்டியிருந்தது. 2019 ஆகஸ்டு 31இல் வெளியான இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெறவில்லை. அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் ஓய்வுநேர ஆர்வமாக இருக்கும் தேடலை அங்கே மக்கள் உயிர்ப் பயத்தோடு செய்தார்கள்.

தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், 2002, 2005ஆம் ஆண்டுகளின் பட்டியல்களில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடும்படி மக்களைக் கேட்டது. தேர்தல் ஆணையத் தளத்தில் தொகுதி, பாகம், வரிசை எண் என்று தேடியவர்களில் மிகுந்த சிரமப்பட்டவர்கள் மணமாகி வேறூர் வந்த பெண்கள். இங்கே கணவர் பெயரோடு பதிவாகியுள்ள பெண், தந்தையின் பெயரைக் காண்பதற்குப் பிறந்த ஊரின் வாக்குச்சாவடிப் பட்டியலுக்குப் போகவேண்டியிருந்தது. ‘ஸ்திரீ’ என்று குறித்த காலம் போய்விட்டது. ஆயினும் பெண்வழியில் முன்னோரைத் தேடுபவர் ஒவ்வொரு தலைமுறையிலும் ஓர் ஊர் மாறி, ஒரு வாக்குச்சாவடி மாறித்தான் மேலே ஏறவேண்டும். 2027இல் நடக்கவுள்ள கணக்கெடுப்பில் விவரங்கள் கைபேசிச் செயலியில் நேரடியாக ஏறும். 1931க்குப் பின் முதன்முறையாக எல்லாச் சாதிகளும் எண்ணப்படும். சீட்டும் மாடமும் கழிவுத்தாளும் இனி இல்லை. 15ஆம் பிரிவு மட்டும், ஆண்டு வரம்பு ஏதுமின்றி, 1948இல் எழுதியபடியே இருக்கிறது.